ஒரு கட்டை இறங்கிய மவுத் ஆர்கன்

அண்மையில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையொன்றில் நுகர நேர்ந்த, ஈயம் உருகும் வாசனை, இன்று இடிக்கப்பட்டுவிட்ட டெல்லி கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் இருந்த எங்கள் முன்னறைக்கு என்னை அழைத்துச் சென்றது. அங்கே மாலைதோறும் அப்பா மவுத் ஆர்கன் வாசிக்க, அம்மா உடன் பாடுவார். தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தபின் குரல் தாழ்ந்துபோய், அம்மா பாடுவதையே விட்டிருந்தார்.

"எனக்கு இனிமே அந்த உயரம் எட்டாதுங்க, விடுங்க."

"நீ எட்ட வேண்டாம். இது இறங்கி வரட்டும். ஒரு கட்டை குறைச்சாப் போதும்," என்றார் அப்பா.

டெல்லியிலேயே பிறந்த நான், குறைக்க வேண்டிய கட்டையைத் தேடிக் கட்டிலுக்கடியில் புகுந்து, உடைந்த கிரிக்கெட் மட்டையுடன் வெளியே வந்தேன்.

"அச்சா! சுருதியைத்தான் கட்டைன்னு சொல்றோம், மகாராணி," என்று அப்பா சொல்ல, பல மாதங்களுக்குப் பின் அம்மா சிரித்தார்.

மவுத் ஆர்கனின் மேல்தகட்டைக் கழற்றியதும் வரிசையாகத் தெரிந்த பித்தளை நாக்குகள் ஒவ்வொன்றின் நுனியிலும், கடுகினும் சிறிய ஈயத்துளியை அப்பா சால்டரிங் அயனால் வைத்தார். கனம் கூடிய நாக்கு மெதுவாக அசைந்து தாழ்ந்த ஸ்வரம் தரும் என்றார். ஊதிப் பார்ப்பதும் மிகுந்ததைச் சுரண்டுவதுமாக அந்தக் குளிர்கால ஞாயிறு கழிந்தது. உலோகம் ஒரு மனிதக் குரலுக்காகத் தணிந்து வருவதை மூச்சடக்கிப் பார்த்திருந்தேன்.

மாலையில் அப்பா வாசித்தபோது, பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மா தலைநிமிராமலே பாடத் தொடங்கினார். கரகரத்த, ஆழமான, நான் அறிந்திராத அக்குரல் ஓரிடத்திலும் தடுக்கவில்லை. அப்பா வாசிக்க மறந்து வியந்து நின்றார்.

"ஊதுங்க," என்றார் அம்மா. "நான் பாட்டுக்குத் தனியாப் போயிட்டிருக்கேன்."