ஓமானிலிருந்து வராத குதிரை

சாரல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், கொல்லத்திலிருந்து வரும் தங்கையை அழைத்துப்போகச் செங்கோட்டை ரயிலடியில் நின்றிருந்தேன். அண்ணாச்சி வீட்டு மதினியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, அவுக போயிட்டாவ" என்றார். "காப்பி கேட்டாவ. போட்டு எடுத்துட்டு வாரதுக்குள்ள..." தென்காசி வட்டாரமே டாக்டர் அண்ணாச்சி என்று கூப்பிட்ட கால்நடை மருத்துவர் அருணாசலம் இறந்துவிட்டார். தங்கை இறங்கி வந்து பக்கத்தில் நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. அவரிடம் சொல்லவேண்டிய ஒன்றை இனி எங்கே போய்ச் சொல்வது?

அவரைத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருப்பீர்கள். என்னுடையது ஐந்தருவியில் நடந்தது. சீசன் கூட்டம். பிள்ளைகளைச் சவாரி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு குதிரை, சேணம் பட்டதும் காதை மடக்கியது. உடம்பெல்லாம் எண்ணெயோடு குளிக்கப் போய்க்கொண்டிருந்த அண்ணாச்சி அப்படியே திரும்பிவிட்டார். சேணத்தைக் கழற்றச் சொன்னார். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். "வாயில்லாச் சீவன், சொல்லத் தெரியலையே சார்" என்றான் குதிரைக்காரன். "அது காலையிலேருந்து சொல்லிக்கிட்டுதாம்லே நிக்கி. ஒனக்குத்தான் கேக்கல" என்றார். குளிக்கக் கொண்டுவந்த புதுத் துண்டை அவனிடம் கொடுத்து, "புண்ணு ஆறுத வரைக்கும் இதப் போத்தி நெழல்ல கெட்டு. ஒன் அரிசிக்கு நான் பொறுப்பு" என்றார். அன்று அவர் அருவியில் நனையாமலே, எண்ணெய் வழிய வீட்டுக்குப் போனார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. "நாப்பது வருசமா நோக்காட்டுக் குதிரையத்தான் தொட்டிருக்கேன்வே. நோவில்லாத குதிரை ஒண்ணு என் வாசல்ல நிக்கணும். காலையில எந்திரிச்சு அத நான் பாக்கணும், அவ்வளவுதான்" என்பார். அதற்கு எண்ணெய் ஊற்றி எரியவிட்டது நான். கடையநல்லூரிலிருந்து பிழைக்கப் போய் இருபத்தாறு வருஷம் ஓமானில் இருந்தவன். வாய் சும்மா இருக்குமா? அங்கே குதிரை வீட்டுப் பிள்ளைபோல வளர்வதை, அதன் வயிற்றுக்கடியில் குழந்தைகள் விளையாடுவதைக் கதை கதையாக அளந்துவிட்டேன். ஓய்வு பெற்றதும் அண்ணாச்சி சுந்தரபாண்டியபுரத்து நிலத்தில் லாயம் கட்டினார். வெளிநாட்டிலிருந்து குதிரை கொண்டுவர அனுமதி கேட்டு ஒரு வருஷம் அலைந்தார். கடைசியில், "பாசை தெரிஞ்ச ஆளு நீரு. வாரும்வே, போயிட்டு வருவோம்" என்றார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மதினி என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, அவுகளுக்கு இதுலல்லாம் நம்பிக்கை கெடையாது. கண்ணுக்குக் கீழ சுழி இருந்தா கண்ணீர்ச்சுழிம்பாவ. எங்க அப்பா அப்பிடி ஒரு வண்டிக்குதிரை வாங்குன வருசந்தான் எங்க அண்ணனை அருவி கொண்டுட்டுப் போச்சு. நீங்க கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றார். மயிர் சுருண்டு வளர்கிற இடத்தில் விதி என்ன இருக்கிறது? என் மார்க்கத்திலும் சகுனம் பார்ப்பதற்கு இடமில்லை. ஆனாலும் அழுத கண்ணோடு நின்றவரிடம், "சரி மதினி" என்று சொல்லிவிட்டேன்.

ஓமானில் நிஸ்வா நகரைச் சுற்றி நான்கு நாட்கள் அலைந்தோம். ஐந்தாம் நாள், பேரீச்சந்தோப்பு ஒன்றில் சாலிம் என்ற பெரியவரின் வீட்டில் அந்தச் செவலைப் பெண் குதிரையைப் பார்த்தோம். அண்ணாச்சி குளம்பைத் தூக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், காதடியில் தடவினார். பிறகு சும்மா நின்றார். அது மெதுவாக வந்து அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டது. அரைமணி நேரம் இருவரும் அசையவில்லை. தலையைத் திருப்பாமலே, "கேட்டுச் சொல்லும்வே, தருவாரான்னு" என்றார்.

நான் கேட்டேன். சாலிம் யோசிக்கவே இல்லை. "நான் குதிரை விற்கிறவன் இல்லை. ஆனால் இவருக்குத் தருவேன். இவர் சொல்வதுதான் விலை" என்றார். அந்த நேரம் பார்த்துக் குதிரை தலையைத் திருப்பியது. இடது கண்ணுக்குக் கீழே சுழி. அண்ணாச்சியும் அதைப் பார்த்திருப்பார். அவருக்கு அது வெறும் மயிர். எனக்கு மதினியின் முகம் வந்து நின்றது.

"தரமாட்டாராம் அண்ணாச்சி" என்றேன். நா கூசவில்லை. பாவி, கொஞ்சம் தடுமாறியாவது இருக்கலாம்.

அண்ணாச்சி குதிரையின் கழுத்தை ஒருமுறை தட்டிக்கொடுத்தார். சாலிமைப் பார்த்துக் கைகூப்பிச் சிரித்தார். "அவரு செய்ததுதான்வே சரி. நானா இருந்தாலும் தரமாட்டேன்" என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று சாலிம் கேட்டார். யோசித்துச் சொல்வாராம் என்றேன். இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு கைகுலுக்கிப் பிரிந்தார்கள். வேறு குதிரை பார்க்கலாம் என்றேன். "அதப் பாத்த கண்ணால இன்னொண்ணப் பாக்கவா?" என்று கேட்டுவிட்டு, ஊருக்குப் போகலாம் என்றார்.

பிறகு லாயத்தில் தேங்காயைப் போட்டு வைத்தார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்கமுடியாதது அவர் சாலிமைப் புகழ்ந்த புகழ்ச்சிதான். குதிரைக்காரர்களிடம், தொழில் பழக வரும் மாணவர்களிடம், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட, "எவ்வளவு குடுத்தாலும் தரமாட்டேன்னுட்டாரு. அவரு மனுசன்" என்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னவே, நீருதான சாட்சி" என்பார். நான் தலையாட்டுவேன். போன வருஷம் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லிவிடுவது என்றே போனேன். "ஒம்ம கூட்டிட்டுப் போனதாலதாம்வே அந்தக் குதிரைய ஒரு தடவையாவது தொட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் மதினி என்னை உட்காரவைத்தார். "அந்த ஓமான் பெரியவருக்கு ஒரு வார்த்தை சொல்லிருங்க தம்பி. அவுக வாய் ஓயாம அவரைத்தான் சொல்லுவாவ" என்றார். அவர் முன்னாலேயே அழைத்தேன். சாலிமுக்கு என்னை நினைவிருந்தது. செய்தியைக் கேட்டுப் பிரார்த்தனை சொன்னார். பிறகு கேட்டார்: "ஒரு வருஷம் காத்திருந்தேன். ஆள் வரவில்லை, பதிலும் இல்லை. அப்படிப்பட்ட மனிதர் வேண்டாம் என்று விட்டுவிட்டாரே, என் குதிரையிடம் அவர் கண்ட குறை என்ன?"

"என்ன சொல்லுதாரு?" என்று கேட்டார் மதினி.

இந்த முறை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். சுழியையும், அன்று நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். மதினி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"பாத்துக்கிடுங்கன்னுதான தம்பி சொன்னேன். பாத்ததை அவுககிட்டயே சொல்லிருக்கலாம்லா. சிரிச்சிக்கிட்டே வாங்கிட்டு வந்திருப்பாவ. நானும் ரெண்டு நாள் மொணமொணத்துட்டுப் புல்லு அள்ளிப் போட்டிருப்பேன்" என்றார்.

சாலிம் இன்னும் பதிலுக்காகக் காத்திருந்தார். குதிரையிடம் குறை ஒன்றும் இல்லை, பொய் சொன்னது நான் என்று சொன்னேன். அவர் தொடர்பைத் துண்டித்தார். அண்ணாச்சியின் நினைவாக ஊசிப்பெட்டியை ஒருவர் வாங்கிக்கொண்டார், புத்தகங்களை ஒருவர். என்னிடம் இருப்பது, "இவருக்குத் தருவேன்" என்ற அந்தப் பெரியவரின் சொல். அது அண்ணாச்சியுடையது. ஓமானிலிருந்து திரும்பிய பிறகு அவர் உயிரோடு இருந்த ஆறு வருஷமும் நான் அதைக் கொடுக்கவில்லை.