கொட்டகலை மாடியில் ஒரு பல்கேரிய வகுப்பு

காலை ஏழரைக்கு ஹட்டனில் பஸ் ஏறினேன். கொட்டகலை பக்கத்து ஊர்தான். வளைவுகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுமாகச் சேர்ந்து அரை மணி நேரம் ஆக்கிவிட்டார்கள். கடைத்தெருவில் ஒரு மாடியில், வெளிநாட்டு வேலைக்குப் போகும் தோட்டத்துப் பெண்களுக்குப் பல்கேரிய மொழி கற்றுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பல்கேரியத் தலைநகர் சோபியாவில் படித்தவள் நான். பார்க்காமல் போக மனமில்லை.

எட்டு மணிக்கு வகுப்பு. வகுப்பா அது? தோட்டத்தில் விடிந்ததும் வேலைக்குப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டுதான். வரிசையில் நிற்க வைத்து மாஸ்டர் பெயர் வாசித்தார். பிந்தி வந்த ஒருத்தியை வாசலோடு திருப்பி அனுப்பினார். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தவர்களுக்கு இங்கேயும் பெரட்டு.

இடம் காட்டும் சொற்கள் ஒன்றோடொன்று சேர்வதுதான் அன்றைய பாடம். நாம் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் 'அடியிலிருந்து' என்போம். அவர்கள் முன்னால் சொல்வார்கள். 'இஸ்' என்றால் இருந்து, 'போத்' என்றால் அடியில், சேர்ந்தால் 'இஸ்போத்'. எனக்குப் பிடித்த இலக்கணம். ஆனால் உதாரணங்களைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து பெருக்கு. அலமாரிக்குப் பின்னாலிருந்து துடை. விருந்தாளிகளின் முன்னாலிருந்து விலகு. எந்த இரண்டு சொல் சேர்ந்தாலும் இந்தப் பெண்கள்தான் குனிய வேண்டுமா?

ஸ்டெல்லா என்ற பெண் கைகட்டி எழுந்தாள். அடுத்த வாரம் கருங்கடல் கரையில் ஒரு ஹோட்டலுக்கு அறை துப்புரவு வேலைக்குப் போகிறவள்.

"மாஸ்டர், எங்க அக்காவோட பாஸ்போர்ட்ட அங்க வேல எடத்துல வாங்கி வச்சுக்கிட்டாங்க. திருப்பிக் கேக்க எப்படிச் சொல்றதுங்க?"

"அதெல்லாம் இன்டர்வியூல வராது. ஒக்காரு."

"அக்காவுக்கு வந்துச்சுங்களே மாஸ்டர்."

அவர் பலகையை அழித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. "தாய்தே மி பஸ்போர்தா" என்று பின் பெஞ்சிலிருந்து எழுந்து சொன்னேன். என் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்.

"மிஸ், ஏஜென்சி தந்த பாடத்துல அது இல்லீங்க. பிள்ளைங்களக் கொழப்பாம போயிட்டு வாங்க."

மரியாதையாகத்தான் வெளியே அனுப்பினார். எரிச்சலோடு படியிறங்கி ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

பதினோரு மணி போல, ரயிலுக்கு நின்றிருந்த என்னைத் தேடி ஸ்டெல்லா வந்தாள். வகுப்பு முடிந்து மற்றப் பெண்களும் பின்னாலேயே வந்திருந்தார்கள்.

"மிஸ், அத இன்னொருக்கா சொல்லிக் குடுத்துட்டுப் போங்க."

சொன்னேன். பழக்கதோஷம், பிளாட்பாரத்திலும் வரிசையாக நின்று, கைகட்டி, தரையைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"கையக் கட்டிக்கிட்டுக் கேட்டா எவன் தருவான்?" என்றேன்.

ஸ்டெல்லா கைகளைப் பிரித்தாள். என் முகத்துக்கு நேராக வலக்கையை நீட்டினாள்.

"தாய்தே மி பஸ்போர்தா."

ரயில் புறப்பட்ட பிறகு கைப்பையைத் திறந்து பார்த்தேன். என் பாஸ்போர்ட் அதில் பத்திரமாக இருந்தது. சோபியாவில் இருந்த அத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு ஒருநாளும் அவசியம் வந்ததில்லை.