ரசமட்டம் பார்த்த வானம்

செய்தி வந்தபோது மாலை நாலு மணி. அத்தானோடு வேலை பார்க்கும் மெக்கானிக்தான் போனில் பேசினார். டீ குடித்துவிட்டு ஓய்வறை நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். "அக்காகிட்ட நீங்களே பக்குவமா சொல்லுங்க" என்றார். எனக்கு என்ன பக்குவம் தெரியும்? அக்கா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

அத்தான் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வேலையிடத்தில் அவருக்கு, மட்டம் பார்க்கும் கருவியின் பெயரான ரசமட்டம்தான் பட்டப்பெயர். தளத்தைவிட ஒரு நூல் ஏறி லிஃப்ட் நின்றாலும் அவருக்குத் தூக்கம் வராது. வீட்டில் சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்து, ஆட்டம் நின்ற பிறகுதான் தட்டில் கைவைப்பார்.

ஐம்பதைத் தாண்டியதும் அவருக்கு வானத்தின் மேல் ஆசை வந்தது. மோட்டார் வைத்த பழைய தொலைநோக்கி ஒன்றை யாரிடமிருந்தோ வாங்கிவந்தார். விளக்கப் புத்தகம் கிடையாது. முக்காலியை மட்டம் பார்த்து நிறுத்தி, ரிமோட்டில் ஊர், நேரம், தேதி கொடுக்க வேண்டும். முதல் நட்சத்திரத்தை நாம் காட்டினால் இரண்டாவதை அதுவே தேடிப் போகும். இரண்டும் நடுவில் பொருந்திவிட்டால், அப்புறம் கேட்டதையெல்லாம் காட்டும். அவர் கேட்டது சனிக்கிரகத்தின் வளையத்தை.

ஆனால் இரண்டாவது நட்சத்திரத்துக்கு என்று கிளம்பும் குழல், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் போய்ப் பார்க்கும்.

"என்ன, சனி குளிக்கப் போயிருக்கா?" கீழேயிருந்து அக்கா.

"நீ மேல வாயேன், வெளிய வந்துடும்."

"எனக்கு எதுக்கு? என்னைப் பிடிச்ச சனிதான் மொட்டைமாடியில நிக்குதே!"

அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். மறுபடி முக்காலிக்கு மட்டம் பார்ப்பார். கோளாறு மட்டத்தில்தான் என்று கடைசிவரை நம்பினார். மாதத்தின் முதல் வாரம் மட்டும்தான் அவருக்குப் பகல் வேலை. மற்ற இரவுகளை லிஃப்ட்டுகள் எடுத்துக்கொள்ளும்.

அவர் போன பிறகு அதே மெக்கானிக் வந்து தொலைநோக்கியைப் பார்த்தார். "சும்மா கிடக்கிற சாமான்தானே, மோட்டாரையாவது கழட்டிக்கிறேன்" என்றார். நாளைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினாள் அக்கா. இருட்டியதும் என்னைக் கூப்பிட்டாள்.

"ஒரே ஒரு தடவை போட்டுப் பாருடா. அவர் எப்படிப் போடுவாரோ அப்படியே. இது ஓடாத சாமான்தான்னா கொடுத்துடலாம்."

முதல் முறையாக அவளும் மாடிக்கு வந்தாள். அத்தான் பக்கத்தில் நின்று பழகிய வரிசையிலேயே செய்தேன். தேதி கேட்டது. பதினெட்டு என்று ஆரம்பித்தேன். ரிமோட் கத்திவிட்டு எல்லாவற்றையும் அழித்தது. மறுபடி போட்டேன். மறுபடி கத்தியது.

"அத்தான் போடும்போது இப்படிக் கத்தினதே இல்லையேக்கா."

அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை. நாளெல்லாம் டப்பாக்களில் காலாவதித் தேதி பார்ப்பவள். ரிமோட்டைக் கையில் வாங்கினாள்.

"சில டப்பாவில மாசத்தைத்தான் முன்னாடி போட்டிருப்பான். இதுவும் அந்த ஜாதிதான்டா. பதினெட்டாம் மாசத்துக்கு எங்க போகும்?" ரிமோட்டை என்னிடம் திருப்பித் தந்தாள். "அவர் போட்டதெல்லாம் மூணு, நாலுன்னு சின்னத் தேதி. அதையே மாசம்னு நெனச்சு இதுவும் தலையாட்டிட்டு, வேற ஏதோ மாசத்து வானத்தைத் தேடியிருக்கு."

பிறகு முக்காலியைத் தொட்டு, அத்தானிடமே சொல்வதுபோல மெதுவாக, "மட்டமெல்லாம் சரியாத்தான்யா வெச்சிருந்தே" என்றாள்.

மாதத்தை முன்னால் போட்டோம். தேதியை ஏற்றுக்கொண்டது. முதல் நட்சத்திரத்தை நடுவில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் முனகியது. குழல் திரும்பி, மேலே ஏறி, வானத்தைப் பார்த்தபடி நின்றது. அக்கா குனிந்து கண்ணை வைத்தாள். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

"ஓரத்துல ஒண்ணு பளிச்னு நிக்குதுடா." குரல் உடைந்திருந்தது, முகத்தில் சிரிப்பு. "அந்த மெக்கானிக்கை நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடு."

கீழே போய்ப் போன் பேசிவிட்டு வருவதற்குள் மேகம் மூடிவிட்டது. இரண்டாவது நட்சத்திரத்தை இன்னும் நடுவுக்குக் கொண்டுவரவில்லை.