காளவாசல் மாடியில் அரை மணி நேரம்

வேலைக்குப் போகும் பெண்கள் கூடிப் பேசுவதற்காகக் காளவாசலில் ஒரு மாடி பிடித்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் தூங்கத்தான் வந்தார்கள். கடைசியில் பாய் வாங்கிப் போட்டு, 'ஆளுக்கு அரை மணி நேரம்' என்று நானே எழுதி ஒட்டினேன்.

நான் மட்டும் ஒருநாளும் படுத்ததில்லை. சாவி வைத்திருப்பவளுக்குத் தூக்கம் எப்படி வரும்?

போன மாதம் எல்லாவற்றையும், அங்கே வந்துபோகிற வக்கீல் செல்வியிடம் ஒப்படைத்துவிட்டு விலகினேன். இன்று மதியம் சும்மா ஏறிப் பார்த்தேன்.

"மெதுவா வாங்கக்கா, டாக்டரம்மா தூங்குறாக. நீங்களும் செத்த சாயுங்க. சாவிதான் இப்ப என்கிட்ட இருக்குல்ல."

படுத்தேன். கீழே அலறிய பஸ் ஹாரனெல்லாம் எங்கோ தூரத்துக் கண்மாய்த் தவளைகளாகிவிட்டன. அந்த மாடி கால் முளைத்து, என்னை விட்டுவிட்டு ஆடி அசைந்து பைபாஸ் ரோட்டில் நடந்து போனது. நான் கூப்பிடவில்லை. கை மட்டும் ஆட்டினேன்.

யாரோ தோளைத் தொட்டார்கள். செல்வி.

"அக்கா, அரை மணி ஆச்சு. அடுத்த ஆளு நிக்கிறாக."

"ஏன்டி, நான் ஆரம்பிச்ச எடம்டி இது!"

"ரூலும் நீங்க எழுதுனதுதானக்கா."

பாயை விட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த மாடி எதுவரைக்கும் போனது என்று தெரியவில்லை. நாளை மதியம் அங்கே போகிறவர்கள் யாராவது எனக்கு ஒரு துண்டு போட்டு வையுங்களேன்.