நைனாவின் குதிகாலில் இருந்த கட்டிகள்

எங்கள் சபையின் புது ஆலயத்துக்குக் கூரை கான்கிரீட் போட்ட அன்று காலை பத்து மணி இருக்கும். மேலே நின்று கலவையை மட்டம் செய்துகொண்டிருந்தேன். தாடை வலித்தது. பல்வலி என்று நினைத்தேன். சற்று நேரத்தில் வலி இடது தோளுக்கு இறங்கியது. சட்டை வியர்வையில் நனைந்தது. ஏணியில் எப்படி இறங்கினேன் என்பது நினைவில்லை.

திருத்தணியில் நான் கொத்தனார். அப்போது வயது நாற்பத்து மூன்று. பீடி, குடி எதுவும் கிடையாது. ஈசிஜி பார்த்ததும் மாரடைப்பு என்று சொல்லிச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஆஞ்சியோபிளாஸ்டி (அடைத்த ரத்தக்குழாயை பலூனால் விரித்து, உள்ளே சிறு கம்பிவலைக் குழாய் பொருத்துவது) செய்தார்கள்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா வந்தபோது என் மனைவி சாந்தி கேட்டாள்: "நான் ஆக்கிப்போட்ட கறியாலதாங்களா இப்டி ஆச்சி?"

"இல்லம்மா. கொலஸ்ட்ரால் நம்ம ஒடம்புக்கு வேணும். ஒவ்வொரு செல்லோட சுவர்லயும் அது இருக்கு. கல்லீரலே அத செய்யுது. மிச்சமானத ரத்தத்துலேருந்து திருப்பி எடுக்கணும். இவருக்கு அந்த வேல பொறப்புலேயே சரியா நடக்கல. அதான் குழாய்ல படிஞ்சிருக்கு."

சாந்தி சுவரில் சாய்ந்து அழுதாள். மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடாததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

டாக்டர் போர்வையை விலக்கி என் குதிகாலுக்கு மேலே தடவினார். அங்கே இரண்டு கெட்டியான கட்டிகள். வேலை செய்கிற காலில் வந்த காய்ப்பு என்றே நினைத்திருந்தேன்.

"இதுவும் கொலஸ்ட்ரால்தான். அப்பாவுக்கு இருந்துதா?"

இருந்தது. நைனா குப்புறப் படுத்திருக்கும்போது அதை அழுத்தி விளையாடுவேன். "வுடுடா, கூசுது" என்பார். இமையோரம் மஞ்சள் திட்டும் உண்டு; அதுவும் கொழுப்புதானாம்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து குடும்பங்களை உட்காரவைத்து ஜெபம் நடத்தியவர் அவர். கூடம் போதாதபோது ஓலைக் கொட்டகை போட்டார். கொட்டகையை எடுத்துவிட்டு ஷீட் கட்டடம் எழுப்பும்போது, மணல் கூடையோடு நடந்தவர் அப்படியே சரிந்தார். வயது நாற்பத்தைந்து. 'ஆண்டவர் கூப்ட்டுக்கினாரு' என்றது சபை. நாங்களும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தோம்.

வீடு திரும்பியதும் கனகம்மாசத்திரத்திலிருந்து தங்கை எஸ்தர் பார்க்க வந்தாள். இது பரம்பரையாக வருவது, நைனாவுக்கும் இதுவாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"நைனாவ ஆண்டவர் கூப்ட்டாருன்னு இத்தன வருசமா சொல்லிக்கினு இருந்தோம். இப்ப கொழுப்புன்றியாண்ணா?"

"ரெண்டும் இருந்துட்டுப் போவட்டும். ஒனக்கும் புள்ளைங்களுக்கும் ரத்தம் மட்டும் பாத்துடு."

காபியைக் குடிக்காமலே எழுந்து போனாள். இரண்டு மாதம் போன் எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வாசலில் நின்றாள்.

"எனக்கும் இருக்குதுண்ணா. பெரியவளுக்கும் இருக்குதாம்."

உட்காரவைத்தேன். சீட்டை மடித்துக்கொண்டே கேட்டாள்: "மாத்திர சாப்ட்டிருந்தா நைனா இருந்திருப்பாரா?"

அதே கேள்வியை நானும் டாக்டரிடம் கேட்டிருந்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஆங். இருந்திருக்கலாம்."

அன்றுதான் நாங்கள் இருவரும் நைனாவுக்காக வாய்விட்டு அழுதோம்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பலருக்கு வலி வரும்வரை இது வெளியே தெரியாது.

ஆலயத்தை மற்றவர்கள் கட்டி முடித்தார்கள். பிரதிஷ்டை அன்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் வாசல்வரை நின்றது. நைனா இருந்திருந்தால் முன்வரிசைக்கு வந்திருக்க மாட்டார். வாசலில் நின்று வருகிறவர்களைக் கைபிடித்து உள்ளே அனுப்பிக்கொண்டிருப்பார். ஆராதனை முழுக்க நான் திரும்பித் திரும்பி வாசலையே பார்த்தேன்.

இப்போது எனக்கு நாற்பத்தேழு. முன்பெல்லாம் உடம்பு இருப்பதே தெரியாமல் வேலை செய்வேன். இப்போது நாலு படி ஏறினாலும் நெஞ்சின் துடிப்பைக் கவனித்துக்கொண்டே ஏறுகிறேன். வீட்டில் இருக்கும் எந்தப் படத்திலும் நைனாவுக்கு நரை இல்லை. காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் என் வெள்ளை முடியைப் பார்க்கிறேன். அவருக்கு வயதாகியிருந்தால் எப்படி இருந்திருப்பார் என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு இடம் இல்லை. கொஞ்சம் அதிக நேரமே நிற்கிறேன்.