இரண்டு பேருக்கான பெட்டி

என் மனைவி போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. நாலு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் ஆள் இல்லை. நான் அழவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று நாலு பேர் பேசினார்கள். பேசட்டும். எனக்கு அழுகை வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. காலையில் எழுந்தேன், பீனிக்ஸ் என்கிற ஊரிலிருந்த பின்னலாடை ஆலைக்குப் போனேன், மெஷின்களைக் கழற்றினேன், மாட்டினேன், வீட்டுக்கு வந்து மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

திருப்பூரிலிருந்து மொரீஷியஸ் போன ஃபிட்டர் நான். அந்தத் தீவில் அப்போது எங்கே திரும்பினாலும் துணி ஆலை. எங்கள் மெஷின்களின் குணம் தெரிந்த ஆள் வேண்டும் என்று குடும்பத்தோடு கூட்டிப் போனார்கள். மூன்று பேராகப் போனோம்.

திருப்பூரிலிருந்து அக்கா கடிதம் எழுதினாள். பன்னிரண்டு வயதுப் பெண், இன்றைக்கோ நாளைக்கோ பெரிய மனுஷியாகிவிடுவாள், ஷிப்டுக்குப் போகிற ஆம்பளை என்ன செய்வாய், இங்கே அனுப்பி வை, எனக்கும் பிள்ளை குட்டி இல்லை என்று எழுதியிருந்தாள். நியாயம்தானே. சரி என்று பதில் போட்டேன். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. மகளிடம் சொன்னபோது அவள் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். சரிங்ப்பா என்றாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அவளும் என்னைப் போலவே ஆகிவிட்டிருந்தாள்.

போகிற பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டுமே என்று தோன்றியது. ரோஸ் ஹில்லில் ஒரு பொம்மைக் கடை உண்டு. மகள் அவள் அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கண்ணாடி முன்னால் கால் ஊன்றி நின்றுவிடுவாள். உள்ளே விரல் நீளம்கூட இல்லாத போர்வீரர்கள், தாடிக் குள்ளர்கள், பல் துருத்திய பூதங்கள். பெட்டியில் துண்டு துண்டாக வரும். நாமே கோத்து, வர்ணம் பூசி, மேஜையில் அணிவகுத்து நிறுத்திப் பகடை உருட்டிச் சண்டை விட வேண்டும். பொட்டப்புள்ளைக்கு இது எதுக்குடி என்று அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். ஒரு சனிக்கிழமை நான் கூட்டிப் போனேன்.

கடைக்காரர் நம் ஆள். நம் ஆள் என்றால், அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி நாலைந்து தலைமுறை ஆகிவிட்டது. வீட்டில் பேசுவது அந்தத் தீவுப் பாஷையான கிரியோல். தமிழ் கோயிலோடு சரி. ஆனால் நாங்கள் பேசியது காதில் விழுந்ததும் மனுஷர் கையிலிருந்த தமிழையெல்லாம் எடுத்துக் கடை பரப்பிவிட்டார். ஈட்டி என்கிற சொல் தெரியாது, வேல் என்றார். பூதங்களை அசுரன் என்றார். மீதியை அவர் கிரியோலில் சொல்ல, பள்ளிக்கூடத்தில் அதைக் கற்றுக்கொண்டிருந்த மகள் எனக்குச் சொன்னாள்.

மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதல் பெட்டியில் எல்லாம் ஈய வார்ப்பு. தூக்கினாலே கனம். ஒவ்வொன்றுக்கும் அரம் போட்டுப் பிசிறு எடுக்க வேண்டும், பழகாத கை விரலைத்தான் ராவிக்கொள்ளும். இரண்டாவதில் ஒரே ஒரு பறக்கும் நாகம், பார்க்க அம்சமாக இருந்தது. ஆனால் நாற்பது துண்டு, இறக்கை வெற்றிலை மாதிரி மெலிசு, பசை வைத்து அது பிடிக்கும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். முதல் முதலாகச் செய்கிறவள் ஓர் இறக்கையைக் கோணலாக ஒட்டிவிட்டால் பெட்டியே போச்சு. மூன்றாவதில் ஆளுக்கு மூன்றே துண்டு. பசையே வேண்டாம், முளையைத் துளையில் வைத்து அழுத்தினால் டக்கென்று உட்காரும். வேல்கள் நல்ல பருமன், சூட்கேஸில் அழுந்தினாலும் முறியாது. சின்னச் சின்னக் குப்பிகளில் வர்ணமும் ஒரு பிரஷும் உள்ளேயே இருந்தன. மகள் நாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் வாங்குகிறவன் மாதிரி நான் மூன்றாவதை எடுத்தேன். உனக்கு எது வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைக்காரர் மூடியைத் தட்டி, “பு தே திமூன்” என்றார்.

“ரெண்டு பேருக்காமாங்ப்பா” என்றாள் மகள். ஒரு பக்கம் பத்து வீரர்கள், எதிர்ப்பக்கம் பத்து அசுரர்கள். அதுவும் நல்லதுதான் என்றேன். அக்கா வீட்டில் அவளுக்கு எதிரே யார் உட்காருவார்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

பெட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது, “முதல்ல விபூதி. அப்புறம் கலர்” என்றார் அவர். இதிலென்ன அதிசயம்? எங்கள் ஊரில் புது மெஷினுக்கு விபூதி வைக்காமல் சுவிட்சைத் தொட மாட்டோம். பக்தியான மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் அவள் அம்மாவின் விபூதி டப்பாவை எடுத்து வரச் சொன்னேன். சாமி அலமாரியை யாரும் தொடக்கூடாது என்று நான்தான் எட்டு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருந்தேன். மகள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு போய் எடுத்து வந்தாள். நான் நெற்றியில் ஒரு கீற்று போதும் என்றுதான் நினைத்தேன். அவள் இருபது பேருக்கும் உடம்பு முழுக்கப் பூசினாள், ரொம்ப நேரம் பூசினாள். அதற்கு மேல் வர்ணம் அடித்தோம். காலையில் தொட்டால் சிவப்பும் பச்சையும் பொருக்குப் பொருக்காகக் கையோடு வந்தன.

அடுத்த சனிக்கிழமை, சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் ஓர் அசுரனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மகளோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் வாங்கிப் பார்த்தார், முகர்ந்தார், மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெட்டியிலிருந்த வெள்ளை வர்ணத்தைத்தான் சொல்லியிருக்கிறார். காவடி எடுக்கிறவனுக்கு முதலில் உடம்பெல்லாம் வெள்ளையாகப் பூசுகிறோமே, அதைப்போல வெள்ளை அடித்துக் காயவிட்டால்தான் மேலே போடுகிற நிறம் பிடிக்குமாம். அதற்கு அவருக்குத் தெரிந்த தமிழ் விபூதி. மகளும் சிரித்துவிட்டாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்தும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அதுதான் எனக்கு என்மேல் ஆத்திரமாக வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் இதெல்லாம் போட்டிருக்காதா, நீ படிக்கவில்லையா என்று.

“படிச்சனுங்ப்பா. வெள்ளை பெயிண்டுன்னு தெரியும்.”

“அப்பறம் ஏன் கண்ணு சொல்லல?”

“நீங்க அம்மா டப்பாவ எடுக்கச் சொன்னீங்க” என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே கரும்பு, அதற்கப்புறமும் கரும்பு.

இருபது பேரையும் கழுவி மறுபடி ஆரம்பித்தோம். வெள்ளை, அது காய்ந்ததும் நிறம், கடைசியில் கண். வீரர்களை அவளும் அசுரர்களை நானும் எடுத்துக்கொண்டோம். பிரஷில் கொஞ்சமாகத் தொட வேண்டும், தண்ணீர் கலந்து இரண்டு தடவை பூச வேண்டும் என்று அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். பின்னல் ஊசியைப் பிடித்துப் பழகிய கை எனக்கு, ஆனாலும் என் அசுரர்களில் பாதிப் பேருக்கு ஒன்றரைக் கண். எல்லாம் முடிய ஒரு வாரம் ஆயிற்று. சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ஆட்டத்தையும் தொடங்கினோம். பாதியில் நின்றது. மிச்சத்தை நாளைக்கு ஆடலாம் என்று நின்றது நின்றபடி விட்டோம். அவள் செவ்வாய்க்கிழமை கிளம்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அறைக்குப் போனேன். கட்டிலில் சூட்கேஸ் திறந்திருந்தது. வீரர்களை ஒவ்வொருவராக அம்மாவின் ரவிக்கைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். என் அசுரர்கள் மட்டும் வெளியே சாப்பாட்டு மேஜையில் அப்படியே நின்றார்கள். என்னைக் கண்டதும் ஒரு காகிதத்தை நீட்டினாள். மேஜையைக் கட்டம் கட்டமாக வரைந்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று குறித்திருந்தாள். அதே மாதிரி இன்னொன்று சூட்கேஸில் இருந்தது.

“இது உங்களுதுங்ப்பா. எந்த ஆள எங்க நகத்தறீங்கன்னு லெட்டர்ல எழுதுங்க. நான் அங்க என் காயிதத்துல குறிச்சுக்கறேன்.”

கடிதம் திருப்பூர் போய்ச் சேரப் பதினைந்து நாள். பதில் வரப் பதினைந்து நாள்.

“மாசத்துக்கு ஒரு தடவ நகத்துனா இந்த ஆட்டம் முடியவே முடியாது கண்ணு” என்றேன்.

“தெரியுங்ப்பா” என்றாள். இன்னொரு வீரனை எடுத்துத் துணியில் சுற்றினாள்.

அப்போது வலித்தது. ஊசியின் மரப்பு விட்டதும் ஈறு வலிக்குமே, அப்படி ஒரேயடியாக வலித்தது. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவள் போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் ஆலைக்குப் போகவில்லை. போர்ட் லூயிஸுக்குப் போய், டிக்கெட் ஆபீசில் டிக்கெட்டை நீட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினேன். கவுன்டரிலிருந்த பெண் பிரெஞ்சில் என்னவோ கேட்டாள், பிறகு கிரியோலில் கேட்டாள். காரணம் கேட்கிறாள் என்று புரிந்தது. அத்தனை வருஷம் இருந்தும் அந்தப் பாஷை எனக்கு வாயில் வராது. தெரிந்தது பொம்மைக் கடைக்காரர் சொன்ன அந்த ஒன்றுதான், அதைச் சொன்னேன்.

“பு தே திமூன்.”

அவள் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒருவர் பெயர்தானே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.