வீரபாண்டி கட்டிய வேட்டி

வீரபாண்டி அருப்புக்கோட்டைப் பக்கம். அமீரகத்து ராஸ் அல் கைமாவுக்குச் சிமென்ட் ஆலையில் மூட்டை ஏற்ற வந்தவர். தூசு நெஞ்சைப் பிடித்ததும், நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சியில் சேர்ந்தார். பிறகு ஒரு ஏஜென்சி மூலம் அதே ஊரில் அரபிப் பெரியவர் மூசாவின் வீட்டுக்கு வேலைக்கு வந்தார். அங்கே நான் பெரியவரின் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் யாழ்ப்பாணத்துக்காரி, இந்த வேலையிலேயே தலை நரைத்தவள். வீரபாண்டிக்கு நல்ல கை. நோயாளியைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்.

பெரியவருக்குப் பக்கவாதம். பேச்சு குழறும், இடது பக்கம் அசையாது. ஆனால் உடுப்பில் மட்டும் பிடிவாதம். வீட்டில் வஸார்தான் கட்டுவார். அரபிகள் நீள அங்கிக்குள் இடுப்பில் சுற்றும் வெள்ளைத் துணி அது. நம் சாரம், லுங்கி மாதிரித்தான். வலது கையால் இடுப்புச் செருகலைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் காலைச் சாப்பாடு. தினமும் கட்டிவிடுவது வீரபாண்டி. வீரபாண்டிக்கு ஏஜென்சி கொடுத்த சீருடை நீலக் காற்சட்டை.

போன மார்கழியில் வீரபாண்டியின் அம்மா பூவாயி இறந்துபோனார். இவர் ஒரே மகன். விசா புதுப்பிக்க ஏஜென்சி வாங்கிய பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைப்பதைப் போனில் பார்த்தார். மறுநாள் மொட்டைத் தலையும் வெள்ளை வேட்டியுமாக டியூட்டிக்கு வந்து நின்றார். கொள்ளி வைக்க வேண்டியவன் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வேட்டிதான் கட்ட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

“உதென்ன தம்பி, யூனிஃபோம் எங்கை?” என்றேன்.

“கொள்ளிதான் வைக்கலக்கா. வேட்டியாச்சும் கட்டுறேன்.”

“கட்டினா அம்மா வந்து பாப்பாவோ?”

“நான் பாப்பேன்ல.”



ஏஜென்சி மேற்பார்வையாளர் ஹஸ்னைன் அன்றே வந்தார். “பாய், லுங்கி மாஃபி! இங்கே லுங்கி கூடாது, மாற்று. இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட்தான்” என்றார் அரபி கலந்த இந்தியில்.

“அந்த டிக்கெட்டத்தான பாய் நேத்துக் கேட்டேன்” என்றார் வீரபாண்டி, தமிழில். ஹஸ்னைனுக்குப் புரியவில்லை. புரிந்த நான் சிரிக்கவும் இல்லை.

பெரியவரின் மகன்தான் குறுக்கே வந்தார். “என் தகப்பன் இடுப்பில் இருப்பது என்ன? இவரும் கட்டட்டும், வீட்டுக்குள் மட்டும்.”

வீரபாண்டி வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி வேலை பார்த்தார். நான் கவனித்தேன். வேலைக்கு அது இடைஞ்சலாக இருக்கவில்லை. பெரியவர் ஒருநாள் அந்த வேட்டியைப் பிடித்துக் கசக்கிப் பார்த்து, கோணல் வாயால் சிரித்தார்.

பிறகு ஒரு முற்பகல். வீரபாண்டி பெரியவரைச் சக்கர நாற்காலியிலிருந்து எழுப்பிக் கட்டிலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். என்னைத் தாண்டி மகனும் ஹஸ்னைனும் உள்ளே போனார்கள். மடித்துக் கட்டிய வேட்டியோடு முதலாளி முன்னால் நிற்பது வீரபாண்டியின் ஊரில் மரியாதைக் கேடு. ஆளைக் கண்டால் கை தானாகப் போய் மடிப்பை இறக்கிவிடும். அன்றும் போனது. பெரியவரின் பாரம் ஒற்றைக் கையில் நிற்கவில்லை. சரிந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

துணி காலில் சிக்கியது என்று ஹஸ்னைன் எல்லோரிடமும் சொன்னார்.

“சிக்கேல்லை. நான் பாத்தனான்” என்று வீரபாண்டியிடம் சொன்னேன். “ஏன் கையை எடுத்தனி எண்டு வாயைத் திறந்து சொல்லு.”

“மருவாதிக்கு எடுத்தேன்னு சொல்லவா? சிரிப்பாய்ங்கக்கா. கைய எடுத்தது நாந்தான, விடுங்க.”

கையை எடுத்தது தவறு. இந்த வேலையில் அதற்கு மன்னிப்புக் கிடையாது. ஆனால் பழி வேட்டியின் மேல் விழுந்தது. ஏஜென்சி ஆட்கள் யாரும் சொந்த உடுப்பு எதுவும் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஏஜென்சியின் நேபாளக்காரர் ஒருவர் தன் ஊர்த் தொப்பியைக் கழற்றினார். மகன் வீரபாண்டியை அனுப்பவில்லை. தகப்பன் வேறு யாரையும் தன்னைத் தொட விடவில்லை என்பதுதான் காரணம். காற்சட்டை போட வேண்டும் என்று மட்டும் சொன்னார். வீரபாண்டி போட்டுக்கொண்டார்.

பதினாறாம் நாள் பெரியவர் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார், துணைக்கு வீரபாண்டி. நான் அவர் மனைவியைக் கூட்டிப் போயிருந்தேன். ஊரில் காரியம் நடக்கும் நேரம், சித்தப்பா மகன் வீடியோவில் வந்தான்.

“அண்ணே, ஐயரு பிண்டம் உருட்டிட்டாரு. கும்பிட்டுக்க. ஏய், வேட்டி கட்டலயா நீ?”

வீரபாண்டி முகம் மட்டும் தெரியும்படி போனை உயர்த்திப் பிடித்தார். “கட்டிருக்கேன்டா.”

கட்டிலில் பெரியவருக்கு ஆஸ்பத்திரியின் பச்சை அங்கி. முதுகுப்பக்கம் நாடா. அவருடைய வலது கை இடுப்பில் செருகலைத் தேடிக்கொண்டே இருந்தது. தேடித் தேடி, கட்டுப் போட்ட இடத்தையே பிறாண்டத் தொடங்கியது.

“அண்ணே, கும்பிடுண்ணே, நேரமாச்சு.”

“அப்புறம் பேசுறேன்டா.” போனை அணைத்துப் பையில் போட்டார். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, பெரியவரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.